வெள்ளணுவுக்குத் திசை காட்டும் நொதிகள்
(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சற்று முன் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் நுண்ணோக்கி வழியாக எடுத்த படம் அது. சிவப்பணுக்கள் வட்ட வட்டமாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே நிலையான உருவம் இல்லாத ஒரு செல். அதற்கு எதிரே கரும்புள்ளிகளாகச் சில ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள். புள்ளிகள் நகரும் பக்கமெல்லாம் அந்தச் செல்லும் திரும்புகிறது. குறுக்கே கிடக்கும் சிவப்பணுக்களை முட்டி ஒதுக்குகிறது. கடைசியில் எட்டிப் பிடித்து விழுங்கிவிடுகிறது.

அந்தச் செல்லின் பெயர் நியூட்ரோஃபில். நம் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். திசுக்களுக்குள் நுழைந்தபின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு தூரம் ஊர்ந்து போகும். காயம்பட்ட விரலில் மறுநாள் காணும் சீழ், பெரும்பாலும் அப்படி ஊர்ந்து வந்து சேர்ந்து செத்த நியூட்ரோஃபில்கள்தான்.

படத்தைப் பார்த்தவுடன் எல்லோர் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான். கண்ணும் மூக்கும் நரம்பும் இல்லாத ஒரு செல்லுக்கு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியது. பதில், அந்தச் செல்லுக்குள் இருக்கும் சில நொதிகளில் இருக்கிறது. எவ்வளவு நொதி இருக்கிறது என்பதைவிட, அது செல்லின் எந்த மூலையில், எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதே முக்கியம். இதை உங்களுக்கு உறுதிப்படுத்திவிட்டால், ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது’ என்று கடைக்குக் கடை விற்கப்படும் பேச்சு எவ்வளவு வெறுமையானது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வெள்ளணுக்கள் காயத்தைத் தேடி வருகின்றன என்பதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி இல்யா மெச்னிகாஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது நடமாடும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. 1908இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். செல்கள் வருகின்றன என்பது அவருக்குத் தெரிந்தது. எப்படி வழி அறிகின்றன என்பதற்கு இன்னும் நூறாண்டு ஆனது.

முதலில், எதை அறிகின்றன என்று பார்ப்போம். பாக்டீரியா தான் செய்யும் ஒவ்வொரு புரதத்தையும் ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. நம் செல்கள் அப்படித் தொடங்குவதில்லை. ஆகவே ஃபார்மைல் தலைப்போடு ஒரு புரதத்துண்டு கசிந்து வந்தால், அந்தப் பக்கம் பாக்டீரியா இருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு விலக்கு உண்டு. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் ஃபார்மைல் தலைப்பில்தான் தம் புரதங்களைத் தொடங்குகின்றன. அவை பழங்காலத்தில் பாக்டீரியாவாக இருந்தவற்றின் வாரிசுகள். அதனால்தான் கிருமியே இல்லாத அடிதடிக் காயத்திலும், நசுங்கிய தசையிலும், செல்கள் உடைந்து மைட்டோகாண்டிரியா சிதறியதும் நியூட்ரோஃபில்கள் வந்து குவிகின்றன.

இந்தத் துண்டுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் நியூட்ரோஃபில்லின் மேற்பரப்பு முழுவதும் பரவியிருக்கின்றன. 1970களில் சாலி சிக்மண்ட் என்ற ஆய்வாளர் ஒரு சிறு கண்ணாடி அறைக்குள் இந்த வேதிப்பொருளை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வைத்து அளந்து பார்த்தார். செல்லின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே செறிவு வெறும் 1 சதவீதம் மாறினாலே போதும், அது சரியான பக்கம் திரும்பிவிடுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். முன்முனையில் 100 ஏற்பிகளில் வேதிப்பொருள் ஒட்டினால் பின்முனையில் 99இல் ஒட்டியிருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு, ‘இது என் முன்பக்கம், அது என் பின்பக்கம்’ என்று ஐயமின்றிப் பிரித்துவிட வேண்டும். ஏற்பிகளே முன்பக்கமாக நகர்ந்து திரண்டுவிடுகின்றனவோ என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். சோதித்தபோது அவை இருந்த இடத்தில் பரவலாகவே இருந்தன. அப்படியானால் அந்த 1 சதவீதத்தைப் பெருக்குவது செல்லின் உள்ளே இருக்கும் வேறு ஏதோ ஒன்று.

அந்த ஒன்று ஒரு கொழுப்பு மூலக்கூறு. செல் சவ்வின் உட்புறத்தில் பிப்-2 என்ற கொழுப்பு எப்போதும் இருக்கும். பிஐ-3 கைனேஸ் என்ற நொதி, அதன் வளையத்தின் 3ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அது பிப்-3 ஆகிறது. மாற்றம் அவ்வளவுதான். இந்த பிப்-3 முதன்முதலில் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? ஃபார்மைல் துண்டால் தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்களில்தான், 1988இல். ஓய்வில் இருக்கும் செல்லில் அதைத் தேடினாலும் கிடைப்பது அரிது. தூண்டிய சில நொடிகளில் பொங்கி எழும். பின்னாளில் புற்றுநோய், சர்க்கரைநோய் என்று எத்தனையோ துறைகளில் பேசப்பட்ட மூலக்கூறு இது. அதன் பிறந்த வீடு நியூட்ரோஃபில் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

அது செல்லின் எந்தப் பகுதியில் உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இன்னும் பத்தாண்டு தேவைப்பட்டது. பிப்-3இல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்துண்டை எடுத்து, அதனோடு ஜெல்லி மீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதத்தை இணைத்தார்கள். 1998இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் பேரன்ட், பீட்டர் டெவ்ரியோட்ஸ் ஆகியோர் மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவில் இதைச் செய்தார்கள். 2000இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹென்றி போர்னின் ஆய்வுக்கூடம் நியூட்ரோஃபில் போன்ற மனித செல்களில் செய்தது. ஒரு நுண்குழாய் முனையிலிருந்து ஃபார்மைல் துண்டு கசியும்படி விட்டார்கள். செல் முழுவதும் மங்கலாகப் பரவியிருந்த பச்சை, குழாயை நோக்கிய ஓரத்தில் மட்டும் பிறைக்கீற்றாகத் திரண்டு நின்றது. செல் அதற்குப் பிறகுதான் நீண்டது. வெளியே 1 சதவீத வேறுபாடு. உள்ளே ஓர் ஓரம் பளிச்சென்றும் மற்ற இடம் இருட்டாகவும். நோயெதிர்ப்பியலில் நான் பார்த்த படங்களில் இதைப்போல் என்னை அசைத்தது வேறில்லை.

அந்த ஓரத்தில் அடுத்து நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூட்ரோஃபில்லில் ஏற்பியோடு நேரடியாகத் தொடர்புள்ளது பிஐ-3 கைனேஸின் காமா வகை. ஏற்பியில் வேதிப்பொருள் ஒட்டியதும் உள்ளே ஜி-புரதம் பிரிகிறது. அதன் ஒரு பாகம் காமா நொதியை இயக்கிவிடுகிறது. பிப்-3 உருவாகிறது. பிப்-3, டாக்-2 என்ற புரதத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. டாக்-2, ராக் என்ற சிறு நொதியை எழுப்புகிறது. ராக் விழித்த இடத்தில் ஆக்டின் இழைகள் கிளைகிளையாக வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. செல்லின் பின்புறத்தில் நடப்பது வேறு. அங்கே ரோ என்ற இன்னொரு நொதி, தன் கீழிருக்கும் கைனேஸ் வழியாக மயோசினைச் சுருக்கி, வாலைப் பிடித்து இழுக்கிறது. ராக் இருக்கும் இடத்தில் ரோ தலையெடுக்காது, ரோ இருக்கும் இடத்தில் ராக் தலையெடுக்காது. இந்தப் பகைதான் முன்னையும் பின்னையும் பிரித்து வைக்கிறது.

இதோடு கதை முடிந்தால், நொதி அதிகமானால் ஓட்டமும் அதிகமாகும் என்றுதானே ஆக வேண்டும்? அப்படி ஆவதில்லை. பிப்-3ஐ உருவாக்கும் நொதி எவ்வளவு முக்கியமோ, அதை அழிக்கும் நொதிகளும் அவ்வளவு முக்கியம். பிடென், ஷிப்-1 என்று இரண்டு பாஸ்ஃபட்டேஸ்கள் இருக்கின்றன. பிடென், 3ஆம் இடத்துப் பாஸ்பேட்டை வெட்டி பிப்-2ஆகவே திருப்பிவிடும். ஷிப்-1, 5ஆம் இடத்துப் பாஸ்பேட்டை வெட்டும். திருவாரூர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வருவது, சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் முட்டுக்கட்டை போடும் சில பேரால்தான். எலிகளில் ஷிப்-1 மரபணுவை நீக்கியபோது பிப்-3 செல்லின் ஓரத்தில் நிற்காமல் சவ்வெங்கும் பரவியது. செல் தட்டையாகப் பரந்து விரிந்து, போக வேண்டிய திசையைத் தவறவிட்டது.

பிடெனுக்கு நியூட்ரோஃபில்லில் வேறொரு நுட்பமான வேலை இருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பால் கியூப்ஸ் குழுவினர் காட்டியது இது. நம் உடலில் நியூட்ரோஃபில்லை அழைக்கும் வேதிப்பொருள்கள் பல. இன்டர்லூக்கின்-8ஐ நம் செல்களே இரத்தக்குழாயின் அருகில் சுரக்கின்றன. அது ‘இந்த வட்டாரத்தில் இறங்கு’ என்று சொல்வது. ஃபார்மைல் துண்டு பாக்டீரியாவிடமிருந்தே வருவது. அது ‘எதிரி இங்கே’ என்று சொல்வது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் செல் எதைக் கேட்கும்? அவர்கள் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். நியூட்ரோஃபில்கள் இன்டர்லூக்கினை ஒதுக்கிவிட்டு ஃபார்மைல் துண்டின் பக்கமே போயின. இன்டர்லூக்கின் பிஐ-3 கைனேஸ் வழியில் பேசுகிறது. ஃபார்மைல் துண்டு பி-38 என்ற மற்றொரு கைனேஸ் வழியில் பேசுகிறது. இரண்டும் மோதும்போது பிடென் நடுவே வந்து முதல் வழியை அடக்குகிறது. பிடென் இல்லாத நியூட்ரோஃபில்கள் தடுமாறி, இடைவழி அழைப்பிலேயே சிக்கிக்கொண்டன. 2002இலும் 2008இலும் வந்த ஆய்வுகள் இவை. ஒரே ஒரு செல் முன்னுரிமை வகுக்கிறது, அதற்கு ஒரு நொதி போதுமானதாக இருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ ஏட்டின் ஒரே இதழில் மூன்று ஆய்வுக்குழுக்கள், காமா நொதி இல்லாத எலிகளைப் பற்றி எழுதின. அந்த எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. அவற்றின் நியூட்ரோஃபில்கள் ஃபார்மைல் துண்டுக்கு பிப்-3 உருவாக்கவில்லை. அழற்சி ஏற்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தவை குறைவாகவே இருந்தன. ஆனால் முழுவதுமாக நின்றுவிடவில்லை. மண்ணில் வாழும் அந்த அமீபாவிலோ, இந்த வகைக் கைனேஸ்கள் எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் செல்கள் வழி கண்டுபிடித்தன. திசையறிவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. பிஐ-3 கைனேஸ் மட்டுமே எல்லாம் என்று எழுதும் பாடநூல்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

இனி மனிதர்களிடம் வருகிறேன்.

2000இல் அமெரிக்காவில் ஓர் ஆண் குழந்தையின் நோய்க்கதை வெளிவந்தது. பிறந்து சில வாரங்களிலேயே ஆசனவாயின் அருகில் கடுமையான தொற்று. தொப்புள்கொடி காய்ந்து விழத் தாமதமானது. அறுவை செய்த புண் ஆறவில்லை. இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையோ மிக அதிகம். ஆனால் புண்ணில் சீழே இல்லை. ஆராய்ந்தபோது, நியூட்ரோஃபில்லில் மிகுந்திருக்கும் ராக்-2 நொதியின் 57ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பராஜின். பழுதான நொதி, நல்ல நொதியையும் வேலை செய்யவிடாமல் தடுத்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குழந்தை காப்பாற்றப்பட்டது.

பரிசோதனைச் சீட்டில் ‘டோட்டல் கவுண்ட்’ என்று பார்க்கிறோமே, அது இரத்தத்தில் எத்தனை வெள்ளணு மிதக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அவற்றால் குழாய்ச் சுவரைத் தாண்டிப் புண்ணுக்குப் போய்ச் சேர முடியுமா என்பதைச் சொல்லாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்குக் கவுண்ட் ஏறும். குழாய்ச் சுவரில் ஒட்டி நின்றவை விடுபட்டு ஓட்டத்தில் கலந்ததும் அதற்கு ஒரு காரணம். தொற்றை எதிர்க்கும் திறன் அவருக்குக் குறைந்திருக்கும்போதே கவுண்ட் கூடியிருக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று. 2013இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள், அடிக்கடி காதிலும் நெஞ்சிலும் தொற்று வந்து, நெறிகட்டி, மண்ணீரல் வீங்கித் துன்பப்பட்ட சில குடும்பங்களை ஆராய்ந்தன. நோயெதிர்ப்புக் குறைபாடு என்றால் ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அவர்களிடம் பிஐ-3 கைனேஸின் டெல்டா வகை குறையவில்லை, ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. லிம்ஃபோசைட்டுகளை ஆளும் நொதி அது. மிகையான நொதியே அவர்களை நோயாளி ஆக்கியது. அந்த நொதியை அடக்கும் லெனியோலிசிப் என்ற மாத்திரைக்கு 2023 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு, எதிர்ப்பாற்றலின் நொதி ஒன்றை அடக்கி வைத்தியம் செய்கிறார்கள். ‘கூட்டினால் நல்லது’ என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

முதியவர்களிடமும் இதையே காண்கிறோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சேப்பி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆரோக்கியமான முதியவர்களின் நியூட்ரோஃபில்கள் இளையவர்களுடையதைப் போலவே வேகமாக ஊர்ந்தன. வேகம் குறையவில்லை, குறி தவறியது. காரணம், ஓய்விலேயே பிஐ-3 கைனேஸ் மிகையாக இயங்கியது. ஓரமெல்லாம் முன்பக்கமாக இருந்தால் முன்பக்கமே இல்லாமல் போகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த நொதியின் காமா வகையையோ டெல்டா வகையையோ அடக்கியதும் செல்கள் மீண்டும் நேர்வழிக்கு வந்தன. வழி தவறி அலையும் நியூட்ரோஃபில்லால் இரட்டைக் கேடு. கிருமியிடம் நேரத்துக்குப் போய்ச் சேராது. போகும் வழியெல்லாம் எலாஸ்டேஸ் போன்ற செரிக்கும் நொதிகளைச் சிந்தி நுரையீரல் திசுவைப் புண்ணாக்கும். முதியவர்களை நிமோனியா அவ்வளவு கொடுமையாகத் தாக்குவதில் இதற்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. இந்தச் சோதனை கண்ணாடித் தட்டில் நடந்தது. அதை வைத்து யாரும் மாத்திரை தேடிப் போக வேண்டாம்.

புற்றுநோய் மருத்துவத்திலிருந்து ஒன்று. நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோய்க்கு, டெல்டா நொதியை அடக்கும் ஐடிலாலிசிப் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து தொடங்கியதும் கழுத்திலும் அக்குளிலும் இருந்த நெறிக்கட்டிகள் கரைந்தன. அதே வாரங்களில் இரத்தத்தில் புற்றுச் செல்களின் எண்ணிக்கை ஏறியது. பழைய கணக்குப்படி பார்த்தால் நோய் முற்றுகிறது என்று மருந்தை நிறுத்த வேண்டும். நடந்தது வேறு. அந்தச் செல்களை நிணநீர்க் கணுக்களில் பிடித்து வைத்திருந்த சமிக்ஞை அறுந்ததும், தாம் செழித்திருந்த இடத்தை விட்டு அவை இரத்தத்துக்கு வந்துவிட்டன. வேறொரு கைனேஸை அடக்கும் இப்ருடினிபிலும் இதே கதை. மருத்துவர்கள் நோய் முன்னேற்றத்தை அளக்கும் விதிகளையே இதற்காகத் திருத்த வேண்டி வந்தது.

வெள்ளணுவின் ஓட்டத்தைத் தடுப்பதே வைத்தியமாகும் நோய்களும் உண்டு. கீல்வாதத்தில் பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர, நியூட்ரோஃபில்கள் வந்து குவிந்து மூட்டைத் தீயாக்குகின்றன. அதற்குத் தரும் கோல்ச்சிசின், செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைக்கிறது. நுண்குழல்கள் குலைந்தால் பின்புறத்து ரோ நொதி மிகுந்து, செல் முன்னே நீள முடியாமல் தடுமாறும். இந்த மருந்து நம் ஊர் மண்ணிலும் விளைகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்களே, கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், அதன் விதையில் இருப்பது கோல்ச்சிசின்தான். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கோ கொடிய நஞ்சு. அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. எந்த வைத்தியத்துக்கும் வீட்டில் அதைத் தொடக்கூடாது.

முடிக்கும் முன் பெற்றோர்களிடமும் பாட்டிமார்களிடமும் கிராமச் செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் விழுந்துவிடும். சில குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகும், அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் விழாமல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து, புண்ணில் சீழ் பிடிக்காமலேயே தொற்று பரவி, இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு மட்டும் மிக அதிகமாக இருந்தால், அந்த வெள்ளணுக்களால் புண்ணுக்குப் போய்ச்சேர முடியவில்லை என்று ஐயப்பட வேண்டும். ராக்-2 பழுது மிக அரிது. குழாய்ச் சுவரில் ஒட்ட உதவும் சி.டி.-18 என்ற புரதம் இல்லாத குறைபாடு அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அது வரும். எனவே மாமன் மகள், அத்தை மகன் உறவுமுறையில் மணந்த குடும்பங்களில் கூடுதல் கவனம் தேவை. முன்பு காரணம் தெரியாமல் ஒரு குழந்தை தொற்றில் இறந்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைத்துக் காத்திருக்காதீர்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற இரத்தப் பரிசோதனையில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலத்தில் கண்டறிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் அந்தக் குழந்தையைப் பிழைக்க வைக்க முடியும்.